பிரெஞ்சு மொழியில் 'முடித்திருப்பேன்'

பிரெஞ்சு மொழியைப் பாடமாக எடுத்த எங்களைப் பார்த்துப் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இத்தனை காலங்களையும் எப்படித்தான் மனப்பாடம் செய்கிறீர்கள்?" உண்மையைச் சொன்னால், நாங்களும் அஞ்சியவர்களே. 'ஃப்யுத்யூர் ஆந்தேரியர்' என்று சிஸ்டர் கரும்பலகையில் எழுதிய அன்று வகுப்பில் பெருமூச்சுதான் எழுந்தது. ஆனால் பாடம் முடிவதற்குள் ஓர் உண்மை விளங்கிற்று. அந்தக் காலம் நமக்குப் புதியது அன்று; நாள்தோறும் தமிழில் நாம் பேசுவதுதான். அதனை எங்கள் தங்கைகளுக்கும், அவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். பிரெஞ்சுச் சொற்களின் ஒலியை மட்டும் இங்கே தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். எழுத்துக்கூட்டலைப் பாடநூலில் பார்த்துக்கொள்க.

பெயரும் பொருளும்

'ஃப்யுத்யூர்' என்றால் எதிர்காலம்; 'ஆந்தேரியர்' என்றால் முந்தையது. வரப்போகும் ஒரு நேரத்திற்கோ நிகழ்ச்சிக்கோ முன்னதாகவே முடிந்துவிடும் செயலை இது குறிக்கும். "அப்பா வருவதற்குள் வீட்டுப்பாடத்தை முடித்திருப்பேன்" என்று நாம் அம்மாவிடம் சொல்கிறோம் அல்லவா? அப்பா வருவது இனிமேல்தான். பாடத்தை முடிப்பதும் இனிமேல்தான். ஆயினும் முடிப்பது முந்தியது, வருவது பிந்தியது. இந்த முன்பின் முறையைக் காட்டுவதே இக்காலத்தின் வேலை.

அமைக்கும் முறை

'முடித்திருப்பேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: முடித்து + இருப்பேன். முதலில் முடிந்த செயல். அதன்பின் எதிர்காலம் காட்டும் துணைவினை. பிரெஞ்சிலும் இதே இரண்டு துண்டுகள்தாம். வரிசை மட்டும் மாறும். துணைவினை முதலில் வரும், முடிந்த செயல் பின்னால் வரும். 'முடித்திருப்பேன்' என்பது 'ஜோரே ஃபினி' ஆகும்.

தமிழுக்கு 'இரு' என்னும் ஒரே துணைவினை போதும். பிரெஞ்சுக்கு இரண்டு வேண்டும். ஒன்று 'ஆவ்வார்', உடையதாயிருத்தல் என்பது அதன் பொருள். மற்றொன்று 'எத்ர்', இருத்தல் என்பது அதன் பொருள்.

ஆவ்வாரின் எதிர்காலம்: ஜோரே, த்யு ஓரா, எல் ஓரா, நூ ஸோரோன், வூ ஸோரே, எல் ஸோரோன்.

எத்ரின் எதிர்காலம்: ஜ ஸரே, த்யு ஸரா, எல் ஸரா, நூ ஸரோன், வூ ஸரே, எல் ஸரோன்.

இரண்டு வரிசைகளிலும் இறுதி ஒலிகள் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். ஒன்றைக் கற்றால் மற்றதும் பாதி வந்துவிடும்.

இனி முடிந்த செயலின் வடிவம். 'பார்லே' (பேசுதல்) என்பதன் முடிந்த வடிவமும் ஒலியில் 'பார்லே'தான், எழுத்தில்தான் வேறுபாடு. 'ஃபினீர்' (முடித்தல்) 'ஃபினி' ஆகும். 'வாந்த்ர்' (விற்றல்) 'வாந்த்யு' ஆகும். விதிக்கு அடங்காதவை சில உண்டு: செய்தலுக்கு 'ஃபே', எழுதுதலுக்கு 'எக்ரி', படித்தலுக்கு 'ல்யு', எடுத்தலுக்கு 'ப்ரி'. 'பாஸே கோம்போஸே' என்னும் இறந்தகாலத்தைப் படித்தவர்களுக்கு இவை பழைய தோழிகளே. அதே வடிவத்தைத்தான் இங்கும் எடுத்து ஆளுகிறோம்.

எதிர்மறை வேண்டுமானால் 'பா' என்னும் சொல்லைத் துணைவினையை அடுத்து வைக்க வேண்டும்: 'ஜ நோரே பா ஃபினி', அதாவது நான் முடித்திருக்கமாட்டேன். அதனைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து மதிப்பெண் இழந்தவர்கள் எங்களில் பலர்.

காதில் விழாத எழுத்து

பெரும்பாலான வினைகள் ஆவ்வாரையே துணைகொள்ளும். போதல், வருதல், சேர்தல், புறப்படுதல், பிறத்தல், இறத்தல், தங்குதல், விழுதல் போன்ற சிலவும், தன்னைத்தானே குறிக்கும் வினைகளும் எத்ரைத் துணைகொள்ளும். அப்படி எத்ர் வரும்போது, முடிந்த வடிவம் எழுவாயின் பாலையும் எண்ணையும் பின்பற்ற வேண்டும். வினைக்குத் துணை ஆவ்வார் என்றால், எழுவாய்க்காக அது மாறுவதில்லை.

'நான் போயிருப்பேன்' என்று அண்ணன் சொன்னாலும் தங்கை சொன்னாலும் தமிழில் மாற்றம் இல்லை. பிரெஞ்சிலும் 'ஜ ஸரே பார்த்தி' (நான் புறப்பட்டிருப்பேன்) என்று இருவரும் ஒரே ஒலியில்தான் சொல்வார்கள். ஆனால் எழுதும்போது தங்கை ஒருத்தி கடைசியில் கூடுதலாக ஓர் எழுத்தை, ஆங்கிலத்தில் 'ஈ' என்று அழைக்கிறோமே அதை, சேர்க்க வேண்டும். பலர் என்றால் அதன்பின் ஓர் 'எஸ்' சேர வேண்டும். கூட்டத்தில் ஒரே ஒரு தம்பி இருந்தாலும் போதும், 'ஈ' போய்விடும், 'எஸ்' மட்டும் நிற்கும்! இது என்ன நியாயம் என்று நாங்கள் கேட்டோம். "இலக்கணத்தில் இதுதான் விதி, தேர்வில் அப்படியே எழுதுங்கள்" என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாங்கள் தவறிய இடம்

"நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் எனக்கு எழுதுவாய்." இதனைப் பிரெஞ்சில் எழுதும்படி சொன்னபோது எங்களில் பலர் 'சேர்ந்ததும்' என்பதற்கு நிகழ்காலத்தைப் போட்டோம். ஆங்கிலத்தில் அவ்விடத்தில் நிகழ்காலம் வருவதால் மனம் அதன் பின்னே போய்விட்டது. பிரெஞ்சு அப்படி விடாது. இரண்டு செயல்களும் எதிர்காலத்தில் நிகழ்பவை, அவற்றுள் ஒன்று முன்னரே முடிவது என்றால், முந்தியதற்கு ஃப்யுத்யூர் ஆந்தேரியர், பிந்தியதற்குச் சாதாரண எதிர்காலம்: 'காந் த்யு ஸரா ஆரிவே, த்யு மெக்ரிரா.'

'காந்', 'லோர்ஸ்க்' (போது), 'தெ க', 'ஓஸிதோ க' (உடனே), 'ஆப்ரெ க' (பிறகு) ஆகிய சொற்களைக் கண்டால் விழிப்பாயிருங்கள். ஆனால் 'ஸி' (ஆல்) என்னும் நிபந்தனைச் சொல்லுக்குப் பின் இந்த எதிர்கால வடிவம் வரவே கூடாது. 'நீ முடித்திருந்தால்' என்பதற்கு 'ஸி த்யு ஆ ஃபினி' என்பதே சரி.

'மறந்திருப்பாள்'

இக்காலத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. நடந்துபோன ஒன்றை ஊகித்துச் சொல்லவும் இது உதவும். 'எல் ஓரா ஊப்லியே' என்றால் 'அவள் மறந்திருப்பாள்'. தமிழும் இதே வடிவத்தைத்தான் ஊகத்திற்கும் வைத்திருக்கிறது. இதை நாங்கள் கற்றது பாடநூலில் அன்று.

ஆண்டு விழா நாடக ஒத்திகைக்கு ஒரு நாள் எங்கள் தோழி ஒருத்தி வரவில்லை. முக்கிய வேடம் அவளுடையது. "மறந்துவிட்டாள், அவளுக்கு அக்கறையே இல்லை" என்று ஆளுக்கொன்று பேசினோம். அவ்வழியே வந்த சிஸ்டர் நின்று கேட்டார். "மறந்துவிட்டாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? போன வாரம் படித்ததை மறந்தீர்களா? 'எல் ஓரா ஊப்லியே' என்றாவது சொல்லுங்களேன்." நாங்கள் அரைமனத்துடன் சொன்னோம். மறுநாள் காலை அவள் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. இரவு முழுவதும் தாயாருடன் மருத்துவமனையில் இருந்தாளாம். மறக்கவும் இல்லை, அக்கறை இல்லாமலும் இல்லை. நாங்கள் தலைகுனிந்தோம்.

'மறந்துவிட்டாள்' என்பது தீர்ப்பு. 'மறந்திருப்பாள்' என்பதில் நமக்கு முழுதும் தெரியாது என்னும் ஒப்புதல் அடங்கியிருக்கிறது. பிறரைப் பற்றிப் பேசும்போது அந்த இடைவெளியை விட்டுப் பேசுவது அன்புடைமை என்று அன்று கற்றுக்கொண்டோம். அதன்பின் யாரேனும் வகுப்புக்குத் தாமதமாக வந்தால், "பேருந்தைத் தவறவிட்டிருப்பாள்" என்றே சொல்லப் பழகினோம்.

சிறு பயிற்சி

தங்கையரே, விடையைப் பார்க்காமல் முயன்று பாருங்கள். 1. அவள் சாப்பிட்டிருப்பாள். 2. (பெண்களாகிய) நாங்கள் வெளியே போயிருப்போம். 3. நீ படித்த பிறகு (காந் என்று தொடங்குக).

விடைகள்: 1. எல் ஓரா மாஞ்ஜே. 2. நூ ஸரோன் ஸோர்தி. எழுதும்போது இறுதியில் 'ஈ', 'எஸ்' இரண்டும் வேண்டும். 3. காந் த்யு ஓரா ல்யு.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது, பன்னிரண்டாம் வகுப்பினராகிய நாங்கள் தேர்வை எழுதி முடித்திருப்போம். இப்பள்ளியிலிருந்து புறப்பட்டும் இருப்போம். 'நூ ஸரோன் பார்த்தி.' அந்த இரண்டு ஊமை எழுத்துகளையும் மறவாமல் சேர்த்தே எழுதியிருக்கிறோம், சிஸ்டர்!