வன்குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு: சட்டமும் நடைமுறையும்

குற்றம் புரிந்தவனைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது அரசின் கடமை என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்டு வந்துள்ள கோட்பாடாகும். குற்றத்திற்கு இரையானவரின் கதி என்ன என்ற வினாவுக்கு அக்கோட்பாட்டில் இடமிருக்கவில்லை. வழக்கு அரசுக்கும் எதிரிக்கும் இடையே நடைபெறுகிறது. அடிபட்டவர் அதில் ஒரு சாட்சி மட்டுமே. சாட்சிப் படியைப் பெற்றுக்கொண்டு அவர் வீடு திரும்புகிறார். கையிழந்த தச்சருக்கும், கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கும், எதிரிக்கு விதிக்கப்படும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை மன ஆறுதலைத் தரலாம். அடுப்பெரிய அது உதவுவதில்லை.

இக்குறையைத் தனிச் சட்டத்தின் மூலம் போக்க முற்பட்ட முதல் நாடு நியூசிலாந்து. அங்கு 1963-இல் இயற்றப்பட்ட சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 1964-இலும், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1965-இலும் அவ்வழியைப் பின்பற்றின. இத்திட்டங்களுக்கு அடிப்படையான வாதம் எளிமையானது. குடிமக்கள் தாமே ஆயுதம் ஏந்தித் திரிவதையும் பழிவாங்குவதையும் அரசு தடை செய்துள்ளது. காவல் பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அதற்காக வரியும் வசூலிக்கிறது. அக்காவல் தவறும்போது நேரும் இழப்பில் ஒரு பங்கையேனும் சமுதாயம் ஏற்க வேண்டும். பொருளாதார நோக்கில் பார்த்தால் இது ஒரு வகைக் காப்பீடே. இன்னார்மீது இன்ன நாளில் கத்தி பாயும் என்று எவரும் முன்கூட்டி அறிய இயலாது; ஆகவே இழப்பு சிலர்மீது மட்டும் விழாமல் பலர்மீதும் பரவுவதே முறை. ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் 1985 நவம்பரில் நிறைவேற்றிய பிரகடனத்தில், குற்றவாளியிடமிருந்து முழு ஈடு கிடைக்காதவிடத்து அரசுகள் நிதியுதவி அளிக்க முயல வேண்டும் என்று கூறிற்று.

அபராதத்திலிருந்து ஈடு

இந்தியாவில் இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 1898-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 545-ஆம் பிரிவு, வசூலாகும் அபராதத்திலிருந்து ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்கு வழங்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்தது. 1973-ஆம் ஆண்டின் சட்டம் அதனை 357-ஆம் பிரிவாக விரிவுபடுத்தியது. அபராதம் விதிக்கப்படாத வழக்கிலும் எதிரி இழப்பீடு தரவேண்டும் என்று ஆணையிடலாம் என்பது அதன் மூன்றாம் உட்பிரிவு. இன்று நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவ்விதிகள் 395-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளன.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் அதன் அமைப்பிலேயே உள்ளது. எதிரி பிடிபட வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அவனிடம் பணம் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. மேலும், மேல்முறையீட்டுக்குரிய வழக்காயின், மேல்முறையீட்டுக் காலம் கழியும் வரையிலோ, மேல்முறையீடு செய்யப்பட்டிருந்தால் அது முடிவு பெறும் வரையிலோ அபராதத்திலிருந்து தொகையை வழங்கலாகாது. நீதிமன்றங்களும் இவ்வதிகாரத்தை அரிதாகவே பயன்படுத்தின. தாராளமாகப் பயன்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 1988-இல் ஹரி சிங் வழக்கில் வற்புறுத்த வேண்டியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2013-இல், அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், இழப்பீடு பற்றி ஒவ்வொரு குற்ற வழக்கிலும் நீதிமன்றம் கருத்தைச் செலுத்தியே தீரவேண்டும், அது விருப்பத்தைப் பொறுத்ததன்று என்று அதே நீதிமன்றம் மீண்டும் கூற வேண்டியதாயிற்று. ஒரே அறிவுரையை இருமுறை கூற நேர்ந்ததிலிருந்தே கீழ்நிலையில் நிலவிய போக்கை உணரலாம்.

அரசின் பொறுப்பு

இதற்கிடையில் வேறொரு திசையிலும் சட்டம் வளர்ந்தது. விடுதலை செய்யப்பட்ட பின்னரும் பதினான்கு ஆண்டுகள் பீகார் சிறையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ருதுல் ஷாவுக்கு, 1983-இல் உச்ச நீதிமன்றம் மொத்தம் ரூ. 35,000 வழங்க ஆணையிட்டது. அங்கே தவறிழைத்தது அரசே. எனினும், அரசுக் கருவூலத்திலிருந்து ஈடு பெறும் உரிமை என்னும் கருத்து வேரூன்ற அத்தீர்ப்பு வழிவகுத்தது. தில்லி வீட்டு வேலைப் பெண்கள் மன்ற வழக்கில் 1994-இல், குற்றக் காயங்களுக்கான இழப்பீட்டு வாரியம் ஒன்று அமைக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. சட்ட ஆணையத்தின் 154-ஆவது அறிக்கை 1996-இல் இதற்கெனத் தனிப் பிரிவையே பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகி நடைமுறைக்கு வந்த நாள் 2009 டிசம்பர் 31. பதின்மூன்று ஆண்டுகள் என்பது, மருத்துவமனைச் செலவுக்குக் கடன் வாங்கியவருக்குச் சிறிய கால அளவன்று.

அவ்வாறு சேர்க்கப்பட்ட 357-ஏ பிரிவே, 2024 ஜூலை 1 முதல், புதிய சட்டத்தின் 396-ஆம் பிரிவாக விளங்குகிறது. ஒவ்வொரு மாநில அரசும் மத்திய அரசுடன் இணைந்து ஓர் இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும். நீதிமன்றம் பரிந்துரைத்தால், மாவட்ட அல்லது மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தொகையை முடிவு செய்யும். எதிரியிடமிருந்து கிடைக்கும் ஈடு போதாதென்று கருதினாலும், எதிரி விடுதலையானாலும், விசாரணை நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். எதிரி யாரென்றே தெரியாத நிலையில், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தோரோ நேரடியாக ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். விசாரணையை இரண்டு மாதங்களுக்குள் முடித்து ஈடு வழங்கப்பட வேண்டும்.

இதில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குற்றம் நிகழ்ந்தது என்பதற்கும், இன்னார்தான் குற்றவாளி என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. எதிரி விடுதலையானதால் வயிற்றில் பாய்ந்த கத்தி பாயாததாகிவிடாது. இழப்பீடு தண்டனையின் வால் அன்று; அது தனி உரிமை. இவ்வுண்மை பல அலுவலகங்களில் இன்னும் உணரப்படவில்லை. வழக்கு முடியட்டும், பிறகு வாருங்கள் என்ற பதில் சட்டத்திற்கு முரணானது.

ஓர் எடுத்துக்காட்டு

வெளி மாநிலத்திலிருந்து வந்து ஒரு தொழில் நகரத்தில் கட்டட வேலை செய்யும் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். இரவு வேலை முடிந்து திரும்புகையில் வழிப்பறிக்காரர்கள் அவரை வெட்டிவிட்டு மறைகின்றனர். வலக்கையின் நரம்புகள் அறுபடுகின்றன. குடும்பம் ரூ. 60,000 கடன் வாங்குகிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி எனில், இரண்டு ஆண்டுகளில் வட்டி மட்டும் ரூ. 43,200. அதற்குள் மனைவியின் நகை போய்விடும். மூத்த பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். மூன்றாம் ஆண்டில் ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தால் அது கடனுக்கே சரியாகிவிடும். அதே தொகையில் கால் பங்கு இரண்டாவது வாரத்திலேயே கிடைத்திருப்பின், கடனில் பெரும் பகுதியைத் தவிர்த்திருக்கலாம். எனவே இழப்பீட்டின் மதிப்பு அதன் அளவைவிட அது வந்து சேரும் காலத்தையே சார்ந்துள்ளது.

சட்டம் இதற்கு இடமளித்துள்ளது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அல்லது குற்றவியல் நடுவர் அளிக்கும் சான்றின்பேரில், இலவச முதலுதவி, மருத்துவ வசதி, அல்லது வேறு இடைக்கால நிவாரணம் வழங்க ஆணைக்குழு உடனடியாக ஆணையிடலாம். இடைக்கால நிவாரணத்தின் தேவையை ஆராய்வது நீதிமன்றங்களின் கடமை என 2014-இல் சுரேஷ் வழக்கில் வலியுறுத்தப்பட்டது. மேற்படி தொழிலாளியின் விஷயத்தில் எதிரி அடையாளம் தெரியாதவன்; ஆகவே நீதிமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திராமல், குற்றம் நடந்த மாவட்டத்தின் ஆணைக்குழுவை அவரே அணுகலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், சிகிச்சைக் குறிப்புகளும் ரசீதுகளும், அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவைப்படும். உயிரிழப்பாயின் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். விண்ணப்பக் காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், தாமதம் ஆபத்தானது. வேறு திட்டத்தின் கீழ் ஏதேனும் தொகை பெற்றிருந்தால் அதனை மறைக்காமல் தெரிவித்தல் வேண்டும்.

அமிலம் வீசப்பட்டவர்கள், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் ஆகியோருக்குச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, எதுவாயினும் இவர்களுக்கு உடனே இலவசச் சிகிச்சை அளித்தே தீரவேண்டும். மறுத்தல் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அமில வீச்சுக்கு ஆளானோருக்குக் குறைந்தது ரூ. 3 லட்சம் என்றும், அதில் ஒரு லட்சம் பதினைந்து நாட்களுக்குள் என்றும் லக்ஷ்மி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

தொகை அளவுகள்

மாநிலத் திட்டங்களின் தொகைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டிருந்தன. மாநில எல்லைக்கு இப்பால் ஒரு விலையும் அப்பால் ஒரு விலையும் மனித உயிருக்கு இருப்பதை எக்கோட்பாட்டாலும் நியாயப்படுத்த இயலாது. பெண்களைப் பொறுத்தவரை இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வகுத்த 2018-ஆம் ஆண்டுத் திட்டம், நிபுண் சக்ஸேனா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்று, அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் செயற்படலாயிற்று. அதன்படி உயிரிழப்புக்கும் கூட்டு வன்புணர்ச்சிக்கும் ரூ. 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை, வன்புணர்ச்சிக்கு ரூ. 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை; அமில வீச்சினால் முகம் சிதைந்தால் ரூ. 7 லட்சம் முதல் 8 லட்சம் வரை. விண்ணப்பிக்க மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஆண்களுக்கோ மாநிலத் திட்டமே கதி. எடுத்துக்காட்டில் கூறிய தொழிலாளிக்குக் கிடைப்பது அவர் எந்த மாநிலத்தில் வெட்டுப்பட்டார் என்பதைப் பொறுத்தது.

குழந்தைகள் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கப்படும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், முதல் தகவல் அறிக்கை பதிவான பின் எந்நிலையிலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால ஈடு வழங்க ஆணையிடலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்மீதான வன்கொடுமைகளுக்குத் தனி விதிகள் உள்ளன. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ரூ. 85,000 முதல் ரூ. 8,25,000 வரை, வழக்கின் கட்டங்களுக்கேற்பத் தவணைகளாக நிவாரணம் வழங்கப்படுகிறது. பணத்தை வழக்கின் இறுதியில் கட்டிப்போடாமல் தொடக்கத்திலேயே ஒரு பகுதியை விடுவிக்கும் இம்முறை, மற்றத் திட்டங்களுக்கும் நல்ல முன்மாதிரி.

நிதியும் நிர்வாகமும்

ஆணை பிறப்பித்தல் வேறு, பணம் கைக்கு வருதல் வேறு. ஆணைக்குழு தொகையை முடிவு செய்தாலும், நிதியை ஒதுக்குவது மாநில அரசே. ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால், ஆணைகள் அடுத்த நிதியாண்டை எதிர்நோக்கி நிற்கும். மாநிலங்களுக்கு ஊக்கமளிக்க 2015-இல் மத்திய இழப்பீட்டு நிதி தொடங்கப்பட்டது. நிர்பயா நிதியிலிருந்து ரூ. 200 கோடி ஒருமுறை மானியமாக வழங்கப்பட்டது. ஒருமுறை மானியம் ஒரு திட்டத்தைத் தொடங்க உதவும். ஆண்டுதோறும் எழும் செலவைத் தாங்க உதவாது. குற்றங்கள் நிதியாண்டைப் பார்த்து நிகழ்வதில்லையாதலால், மாவட்டங்களுக்கு முன்பணமாகச் சுழல் நிதி அளித்து, செலவானதை ஈடுசெய்து வருவதே தக்க ஏற்பாடு. குற்றவாளியிடமிருந்து தொகையைத் திரும்பப் பெறும் முயற்சியை அரசு பின்னர் தனியே மேற்கொள்ளலாம். அதற்காகப் பாதிக்கப்பட்டவர் காத்திருக்கத் தேவையில்லை.

மற்றொரு தடை அறியாமை. பாதிக்கப்பட்டவர் முதலில் காணும் அரசு ஊழியர்கள் காவல் நிலைய எழுத்தரும் மருத்துவமனைச் செவிலியருமே. ஆணைக்குழுவின் பெயரை அவர்கள் கூறாவிடில் வேறு யார் கூறுவார்? பாலியல் தாக்குதல் உள்ளிட்ட உடற்காய வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றங்கள் இழப்பீட்டுக்கு ஆணையிட வேண்டும் என்று 2024 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்த நேர்ந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. விண்ணப்பத்தை எழுதித் தருவதும் அவ்வுதவியில் அடங்கும்.

பெண்களுக்கான திட்டத்தில் வழங்கப்படும் தொகையில் நான்கில் மூன்று பங்கு குறைந்தது மூன்றாண்டுகளுக்கு நிரந்தர வைப்பில் இடப்படுகிறது. எஞ்சியதே உடனடிச் செலவுக்குக் கிடைக்கும். உறவினர் பணத்தைப் பறித்துக்கொள்வதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் வட்டிக்கடனில் சிக்கிய குடும்பத்துக்கு, வங்கி தரும் வட்டி கடன் வட்டியில் சிறு பகுதியே. இத்தகைய நேர்வுகளில் மருத்துவக் கடனுக்கான சான்றுகளை விண்ணப்பத்துடன் இணைத்து, வைப்புத் தொகையிலிருந்து முன்கூட்டியே விடுவிக்குமாறு ஆணைக்குழுவைக் கோரலாம். வழங்கப்பட்ட ஈடு போதாதெனில், மாவட்ட ஆணைக்குழுவின் முடிவை எதிர்த்து மாநில ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு செய்துகொள்ளலாம்; பெண்களுக்கான திட்டத்தில் அதற்குரிய அவகாசம் முப்பது நாட்கள்.