நீரிழிவும் இரத்தக் குறிகளும்

நோய்கள் பலவற்றுள்ளும் நீரிழிவைப்போல் ஓசையின்றி வருவன சிலவே. காய்ச்சல் உடலைச் சுட்டுத் தன் வரவைத் தெரிவிக்கும். புண் வலித்துத் தெரிவிக்கும். நீரிழிவோ, பல்லாண்டுகள் உடலில் உறைந்திருந்தும், உடையவனுக்கு ஒரு வருத்தமும் தோன்றாவண்ணம் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் மெல்லமெல்லக் கெடுத்துவரும். இங்ஙனம் மறைந்து வரும் நோயை, அது முற்றுமுன்னரே இரத்தத்தின்கண் காணும் குறிகளால் உணரலாகுமோ, உணர்ந்தால் தடுக்கலாகுமோ என்பன பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் முன்னோர் இந்நோயை அறியாதவரல்லர். நோயுற்றார் சிறுநீர் இனிப்புடையதென்பதையும், அதனை எறும்பு மொய்க்குமென்பதையும் கண்டு, 'மதுமேகம்' எனப் பெயரிட்டனர். ஆயின் அக்குறி காலந்தாழ்த்து வருவது. சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிக்குங்கால், அதிலுள்ள சர்க்கரையை மீட்டும் இரத்தத்திற்கே திருப்பிவிடும் இயல்புடையன. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராம் அளவைக் கடந்த பின்னரே, மிகுந்தது சிறுநீரில் வழிந்து செல்லும். எனவே எறும்பு மொய்க்கும் நாளில், நோய் வாயிலைக் கடந்து வீட்டினுள் அமர்ந்துவிட்டது என்க. வாயிலில் நிற்குங்கால் அதனைக் காணவேண்டின், இரத்தத்தையே சோதித்தல் வேண்டும்.

இக்காலத்து டாக்டர்கள் பெரிதும் கையாளும் இரத்தக் குறிகள் மூன்று. முதலாவது, இரவு முழுதும் உண்ணாதிருந்து காலையிற் காணும் சர்க்கரை. நூறு மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் நீரிழிவு. 100 முதல் 125 வரை இடைநிலை. இரண்டாவது, அவ்வாறே வெறுவயிற்றினராய் வந்தாரை 75 கிராம் குளுக்கோசை நீரிற் கரைத்துப் பருகச்செய்து, இரண்டு மணி கழித்துக் காண்பது. இதில் 200உம் மேலும் நீரிழிவு. 140 முதல் 199 வரை இடைநிலை. மூன்றாவது, சர்க்கரை ஏறிய ஹீமோகுளோபினின் அளவு. சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறக்குறைய 120 நாள். அந்நாளெல்லாம் இரத்தத்திலுள்ள சர்க்கரை அதன் ஹீமோகுளோபினிற் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்ளும். ஆதலின் இவ்வளவு, ஏறக்குறைய மூன்று திங்களின் சராசரிக் கணக்கைக் காட்டும். நூற்றுக்கு 6.5உம் மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை இடைநிலை. வெளிப்படையான நோய்க்குறிகள் இல்லார்க்கு ஒரு சோதனையை மட்டும் கொண்டு நோயென்று முடிவு செய்தல் கூடாது. மறுமுறையும் பார்த்தே உறுதிசெய்வர்.

இவற்றுள் நாம் சிறப்பாகக் கருதவேண்டுவது அவ்விடைநிலையே. உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையைத் தசை முதலியன ஏற்கும்படி செய்வது கணையத்திற் சுரக்கும் இன்சுலின். வயிற்றிற் கொழுப்பு மிகுந்து, உடலுழைப்புக் குறையுங்கால், தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. கணையம் முன்னினும் மிகுதியாகச் சுரந்து ஈடுசெய்கிறது. அது தளருங்காலத்து இரத்தத்திற் சர்க்கரை ஏறத் தொடங்கும். இத்தளர்ச்சியின் தொடக்கமே இடைநிலை. நம் நாட்டார்க்கு உடல் பருக்காதிருந்தும், வயிற்றளவில் மட்டும் கொழுப்புச் சேர்தலால் இந்நிலை வருவதுண்டு. 'நான் மெலிந்தவன், எனக்கு இந்நோய் வாராது' என்று ஒருவர் இருந்துவிடல் பிழை.

இடைநிலையாளர் பின்னர் என்னாகின்றனர்? சென்னையில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய பேராராய்ச்சி ஒன்றின் தொடர்ச்சியாக, டாக்டர் வி. மோகன் குழுவினர் 2015இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளில் இடைநிலையாளருள் நூற்றுக்கு 59 பேர் நீரிழிவு எய்தினர். இதனைக் கேட்பார் உள்ளம் சோர்தல் இயல்பு. ஆயின் இந்நகரத்திலேயே நிகழ்ந்த மற்றோர் ஆராய்ச்சி, அச்சோர்வை மாற்றவல்லது.

டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியில், குளுக்கோசுச் சோதனையில் இருமுறையும் இடைநிலையினராய்க் காணப்பட்ட 531 பேர் சேர்க்கப்பட்டனர். அவரை நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தார்க்குப் பொதுவான அறிவுரை மட்டும் தந்தனர். மற்றொரு கூட்டத்தார் நாள்தோறும் அரைமணியேனும் விரைந்து நடக்கவும், சர்க்கரையும் நெய்யெண்ணெய்களும் குறைத்து நார்ப்பொருள் மிக்க உணவை உண்ணவும் பணிக்கப்பெற்றனர். மூன்றாமவர்க்கு மெட்பார்மின் என்னும் மருந்து சிறு அளவிலும், நான்காமவர்க்கு அம்மருந்தும் நெறியும் ஒருங்கேயும் அளிக்கப்பட்டன. மூன்றாண்டின் முடிவில், முதற் கூட்டத்தாருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர்; நெறியைக் கைக்கொண்டாருள் 39.3 பேரும், மருந்துண்டாருள் 40.5 பேரும், இரண்டும் கொண்டாருள் 39.5 பேருமே அந்நிலை எய்தினர்.

இக்கணக்கை இருபுறமும் நோக்குதல் வேண்டும். நெறியில் நின்றாருள்ளும் நூற்றுக்கு 39 பேர்க்கு நோய் வந்ததன்றோ? ஆகவே நடந்தால் நோய் வரவே வராதென்று உறுதிகூறல் உண்மையன்று. ஆயின் நூற்றுக்கு 16 பேர் அம்மூன்றாண்டும் நோயினின்று காக்கப்பட்டனர் என்பதும் உண்மை. அன்றியும், நடையும் உணவுக் கட்டுப்பாடும் செய்ததற்கு மேல் மருந்தைச் சேர்த்ததனால் வேறு பயன் பெரிதும் விளையவில்லை என்பது குறிக்கத்தக்கது. ஏழைக்கும் எட்டும் நெறி, மருந்துக்கு ஒப்பாக நின்றது.

இனி, இம்மூன்றினும் முந்திய குறிகள் உளவோ எனின், அறிஞர் தேடியே வருகின்றனர். 2011இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, சர்க்கரை இயல்பாயிருந்தாரிடத்தும், லூசின், ஐசோலூசின், வாலின், டைரோசின், பினைலலனின் என்னும் ஐந்து அமினோ அமிலங்கள் இரத்தத்தில் மிகுந்திருத்தல், பன்னிரண்டு ஆண்டுக்குள் வரக்கூடிய நீரிழிவை முன்னறிவிக்கும் எனக் காட்டிற்று. இஃது ஆராய்ச்சிக்குப் பெருந்துணை. ஆயினும் ஊரார் அனைவர்க்கும் செய்யத்தக்க எளிய சோதனையன்று.

எளிமை எத்துணை வேண்டற்பாலதென்பதற்கு நம் மேற்குப் புறநகரே சான்று. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த இப்பகுதியில், 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கும் பட்டறைகளும் கிடங்குகளும் நிறைந்தன. கழனியில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்தோர் பேரர், இன்று இயந்திரத்தின்முன் நின்றும், வண்டியின் சக்கரத்தைப் பிடித்து அமர்ந்தும், முறைமாறி இரவில் விழித்தும் வேலை செய்கின்றனர். இரவுப் பணி செய்வோர்க்கு இந்நோய் மிகுதியாக வருதல் பல நாட்டு ஆராய்ச்சிகளிற் காணப்பட்டுளது. நாட்கூலி பெறுவோன் ஒருவன், தனக்கு ஒரு நோவும் இல்லாதபோது, வெறுவயிற்றோடு சோதனைச்சாலையில் இரண்டு மணி காத்திருக்க எங்ஙனம் உடன்படுவான்? இழப்பது அரைநாட் கூலி. காண்பதோ கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்.

இத்தகையார்க்கு ஹீமோகுளோபின் சோதனை வசதியானது, உண்டபின்னும் செய்யலாம். ஆயின் அதிலும் ஒரு குறை உண்டு. இரும்புச் சத்துக் குறைந்து சோகையுற்றாரிடத்து இவ்வளவு உண்மையினும் மிகுத்துக் காட்டலாம். இரத்தம் இழந்தாரிடத்துக் குறைத்துக் காட்டலாம். சோகை மிகுந்த நம் பெண்மக்களை இவ்வொன்றைக் கொண்டே அளத்தல் தகாது. காலைச் சர்க்கரை ஒன்றை மட்டும் பார்ப்பின், உண்டபின் சர்க்கரை ஏறுவார் பலர் தப்பிவிடுவர். எக்குறியும் தனித்து நின்று முழுவுண்மை கூறாது.

இதற்கு முதற்படியாக, ஊசியே வேண்டாத ஒரு கணக்கைச் சென்னை ஆராய்ச்சியாளர் 2005இல் வகுத்தனர். வயது, இடையின் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோர்க்கு நீரிழிவு உண்மை என்னும் நான்கிற்கும் எண் இட்டு, கூட்டுத்தொகை 60உம் மேலும் வரின் அவர் இரத்தத்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்பர். ஐம்பது வயது நிறைந்தார்க்கு 30. அமர்ந்தே வேலை செய்து உடற்பயிற்சியும் இல்லாதார்க்கு 30. ஆகவே ஐம்பது வயதான வண்டியோட்டி ஒருவர், உடற்பயிற்சியும் இலராயின், அவ்விரண்டினாலேயே எல்லையை எட்டிவிடுகின்றார். அளவுநாடா ஒன்றைக்கொண்டு நம் இல்லத்துப் பெரியோர்க்கு இக்கணக்கை நாமே இடலாம்.

இந்நாட்டில் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவினர், 15.3 பேர் இடைநிலையினர் என்று 2023இல் வெளியான நாடளாவிய ஆராய்ச்சி கூறுகின்றது. நோயுற்றாரினும் வாயிலில் நிற்பார் மிகுதி; அவரோ தம் நிலையைத் தாமே உணர வழியில்லை. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்துப் பத்துக் குறளில் பெரும்பகுதியை அளவறிந்து உண்ணுதற்கே ஒதுக்கியமை ஈண்டு நினைக்கத்தக்கது. பகைவன் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரன்மேற் பழி சுமரும் என்பது எசேக்கியேல் தீர்க்கதரிசியின் போதனை. இரத்தக் குறி அத்தகைய எக்காளமேயன்றித் தீர்ப்பன்று. இடைநிலை என்று எழுதிய தாளைக் கையிற் பெற்றார் அஞ்சி ஒடுங்கவும் வேண்டா. 'இன்னும் வரவில்லையே' என்று மடித்து வைக்கவும் வேண்டா. நடக்கத் தொடங்கி, உணவை அளந்து, ஆண்டுதோறும் மீண்டும் சோதித்துக்கொள்வாராக. இவற்றைக் கற்றறிந்த நாமும், அறியாத நம் அயலார்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைத்தல் கடனாம்.