சாயப்பட்டறையில் காஸ்டிக் ஸோடா

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சாயப்பட்டறைகளில் காஸ்டிக் ஸோடா இன்றியமையாத சரக்கு. 1901-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பெற்ற இண்டாந்திரீன் வகைச் சாயங்கள் தண்ணீரில் கரையா. காஸ்டிக் ஸோடாவும் ஹைட்ரோஸல்பைட்டும் சேர்த்த பின்னரே அவை கரைந்து நூலில் ஏறும்.

திராவகமென்றால் அஞ்சி விலகும் அங்கத்தினரிற் சிலர், வெண்ணிறச் செதிலாயுள்ள இச்சரக்கைச் சலவைச் சோடாவைப் போலெண்ணி வெறுங்கையால் அள்ளுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. கடுந்திராவகம் பட்டவுடன் எரியும். காஸ்டிக் ஸோடாக் கரைசலோ முதலில் வழுவழுப்பாக மாத்திரம் தோன்றக்கூடும். தோலிலுள்ள கொழுப்பு சவர்க்காரமாக மாறுவதே அவ்வழுவழுப்புக்குக் காரணம். வலி தெரிவதற்குள் அது தோலை அரித்து ஆழத்தில் இறங்கிவிடும். கண்ணிற் பட்டால் பார்வையே போகலாம்.

கரைக்கும்பொழுது பாத்திரத்தில் முதலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, பின்பு ஸோடாவைச் சிறிது சிறிதாக இட்டுக் கிளறுதல் வேண்டும். ஸோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால், அப்போதுண்டாகும் உஷ்ணத்தால் நீர் கொதித்து முகத்தில் தெறிக்கும். வேலை அவசரத்தில் கொதிக்கும் தொட்டியிலேயே செதிலைக் கொட்டுவது அதனினும் கெட்ட வழக்கம். அலுமினியத்தை ஸோடா அரித்துத் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும். ஆதலின் இரும்பு அல்லது எவர்சில்வர் பாத்திரமே தக்கது.

ரப்பர் கையுறை, கண்களை முழுதும் மூடும் கண்ணாடி, ரப்பர் மேலங்கி ஆகியவை சங்கச் செலவிலேயே வாங்கப்பட வேண்டும். சாயமிடுவோர் தாமே வாங்கிக்கொள்ளட்டுமென்பது நியாயமன்று. இருப்புப் புத்தகத்தில் ஸோடா மூட்டையைப் பதியும் காரியதரிசி, கையுறையையும் அதே பக்கத்தில் பதிந்திருக்கிறாரா என்று நிர்வாக சபையார் பார்த்தல் நலம். கிழிந்த கையுறை இல்லாத கையுறைக்குச் சமானம்.

மேலே பட்டுவிட்டால், உலர்ந்த செதிலைத் தட்டிவிட்டு, நனைந்த துணியைக் களைந்து, ஏராளமான தண்ணீரால் கழுவுக. கண்ணாயின் இமையைத் திறந்து பிடித்து அரைமணி நேரம் இடைவிடாது நீர் வார்த்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். வலி குறைந்ததென்று நிறுத்தலாகாது. எலுமிச்சஞ்சாறு, காடி, விளக்கெண்ணெய், தாய்ப்பால் ஒன்றும் இடவேண்டாம். இதன் பொருட்டே பட்டறையில் நல்ல தண்ணீர்த் தொட்டி எந்நேரமும் நிறைந்திருத்தல் அவசியம்.

வீட்டிலேயே சாயமிடுவோர் மீந்த கரைசலைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கலாகாது. குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். மேலேறி வரும் ஸோடா தொண்டையை இரண்டாம் முறை வேகவைக்கும். வாயைக் கழுவித் துடைத்து, தாமதமின்றி வைத்தியரிடம் சேர்க்க வேண்டும். என்ன குடித்ததென்று அவர் அறிய, அந்தப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்க.