எக்ஸ்ரேயையே ஏமாற்றும் கழுத்து!

ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தெலும்பு எத்தனை தெரியுமா நண்பர்களே? ஏழு! நமக்கும் ஏழுதான். மேலே இருக்கிற இரண்டும் தனி ரகம். முதலாவது, மோதிரம் மாதிரி வளையம், பெயர் அட்லஸ். இரண்டாவது ஆக்சிஸ். அதிலிருந்து பல் மாதிரி ஒரு முளை அந்த வளையத்துக்குள் நீட்டிக்கிட்டு நிற்கும். 'இல்லை'ன்னு நாம தலையாட்டுவது இந்த முளையைச் சுற்றித்தான். பின்னாலேயே தண்டுவடம். மூச்சு விடுவதற்கான கட்டளையும் அதன் வழியாகத்தான் இறங்குது.

எட்டு வயதுக்குள்ள பிள்ளைகளுக்கு உடம்புக்குத் தலை பெரிசு, கழுத்துத் தசைநார் தளர்வு. அதனால் வேப்பமரத்திலிருந்து விழுந்தாலும், சிவகாசி ரோட்டில் பைக் டேங்க் மேல உட்கார்ந்து போய்த் தூக்கி எறியப்பட்டாலும், கழுத்தில் அடி என்றால் பெரும்பாலும் மேல்கழுத்துதான். பெரியவர்களுக்குக் கீழ்க்கழுத்தில் அதிகம்.

எக்ஸ்ரே பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று எடுப்பார்கள். முளை தெரிய வாயைத் திறக்கச் சொல்லியும் ஒன்று உண்டு. (சின்னப் பிள்ளைகள் அழுதுக்கிட்டே வாயைத் திறக்கும், ஆனா ஆடாம இருக்காது!) பக்கவாட்டுப் படத்தில் ஏழு எலும்பும் தெரியணும், ஓரங்கள் சீரான வளைகோடாக வரணும்.

இங்கேதான் சிக்கல். பிள்ளைகளுக்கு இரண்டாவது எலும்பு மூன்றாவதை விட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்ந்த மாதிரி தெரியும். அது நோயில்லை! இதைப் பிரித்தறிய 1977-ல் சுவிசக் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கோடு சொன்னார். முதல் எலும்பின் பின்பக்கத்திலிருந்து மூன்றாவதன் பின்பக்கத்துக்குக் கோடு போட்டால், இரண்டாவது எலும்பு 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது. வளையத்துக்கும் முளைக்கும் நடுவே பெரியவர்களுக்கு 3 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம். பிள்ளைகளுக்கு 5 வரை சரி. முளையின் அடியில் வளரும் குருத்தெலும்பும் முறிவு மாதிரியே கோடாகத் தெரியும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எலும்பு சரியாக இருக்கும், உள்ளே தண்டுவடம் அடிபட்டிருக்கும்! 1982-ல் பாங், வில்பெர்கர் இருவரும் இதற்குத் தனிப்பெயரே வைத்தார்கள். சில பிள்ளைகளுக்குக் கை கால் பலவீனம் நாலு நாள் கழித்துக்கூட வந்திருக்கிறது. தண்டுவடத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேணும்.

அதனால் யாராவது விழுந்து கழுத்து வலின்னா தலையைப் பிடித்துத் தூக்காதீங்க. சுளுக்கு எடுக்கக் கூட்டிட்டுப் போகவே வேண்டாம். ஆடாம படுக்க வைத்து 108-க்குச் சொல்லுங்க. விழுந்த நிமிஷம் கை, கால் 'சுர்'னு மரத்துப் போயிருந்தால், அது உடனே சரியாயிருந்தாலும், டாக்டரிடம் மறைக்காம சொல்லணும். எக்ஸ்ரேயில் அது விழாது.