வெள்ளிக்கிழமை மரக்கறியும் மற்ற ஆறு நாட்களும்



கந்தசஷ்டி விரத நாளொன்றில் எமது ஆலயத் தமிழ் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது: "வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவது பிழை என்றால், சனிக்கிழமை அது எப்படிச் சரியாகும்?" ஆசிரியை சிரித்துச் சமாளித்துவிட்டார். அதே வகுப்பில் படிக்கும் மூத்த மாணவி ஒருத்தி, தான் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டு வீகன் ஆகிவிட்டதாகவும், அதனால் வீட்டில் அம்மாவுடன் நாள்தோறும் வாக்குவாதம் என்றும் சொன்னாள். இவ்விரு பிள்ளைகளுக்கும் ஒழுங்கான மறுமொழி சொல்ல வேண்டியது பெரியவர்களாகிய எமது கடமை. ஆகவே இம்முறை உணவையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முன்னோர் காட்டிய வழி

திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். 33ஆம் அதிகாரம் கொல்லாமை. தின்பதற்கென்று வாங்குவோர் இல்லையேல் விற்பதற்கென்று கொல்வோரும் இருக்கமாட்டார் என்னும் கருத்தை வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார். கடையில் பொதி செய்த இறைச்சியை வாங்கும் எமக்கும் அந்தக் கொலையில் பங்குண்டு என்பதே இதன் பொருள். ஆனால் இவ்விரு அதிகாரங்களும் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளன என்பதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமசாலையை நிறுவிய வள்ளலார், புலால் மறுத்தலையும் பசித்தவருக்குச் சோறிடுவதையும் ஒரே சீவகாருணியத்தின் இரு கைகளாகக் கண்டார்.

இன்னொரு பக்கமும் உண்டு. காளத்தியில் இறைவனுக்கு இறைச்சி படைத்த கண்ணப்பரை நாம் நாயன்மாராக வணங்குகிறோம். யாழ்ப்பாணத்துக் கரையோரக் குடும்பங்களுக்கு மீனே தொழிலும் புரதமும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் மச்சம் தொடாத வீடுகள் பல, திருவிழா முடிந்ததும் மீன் சமைப்பதை நாம் அறிவோம். மரக்கறி உண்பதை உயர்குலத்தின் அடையாளமாக்கி மற்றவரைத் தாழ்த்திய வழக்கமும் எமது சமூகத்தில் இருந்தது. உயிரிரக்கத்திலிருந்து பிறந்த ஒழுக்கத்தைக் கொண்டு மனிதரை இகழ்வது, அந்த ஒழுக்கத்தையே கெடுப்பதாகும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு எமது மறுமொழி இதுதான்: வெள்ளிக்கிழமை விரதம் ஒரு பயிற்சி. சனிக்கிழமை சரியாகிவிடுகிறது என்று அதற்குப் பொருளில்லை. ஒரு நாள் முடிந்தால் இரண்டு நாளும் முடியும் என்று மனதுக்குக் காட்டுவதே விரதம்.

உடல்நலம் பற்றி ஆய்வுகள் சொல்வது

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015ஆம் ஆண்டு சொசேஜ், ஹாம், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சிகள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்போருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 வீதம் கூடுகிறது என்று அது கணித்தது. மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சியை அவ்வாறு செய்யக்கூடியவை என்ற அடுத்த வகையில் வைத்தது. இவ்வகைப்படுத்தல் சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே காட்டுகிறது. புகையிலையும் ஹொட்டோக்கும் ஒரே அளவு கேடு என்று விளங்கிக்கொள்ளக் கூடாது. ஆயினும் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு நாள் தவறாமல் ஹொட்டோக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த இது போதுமான காரணம்.

பிரித்தானியாவில் 1990களில் தொடங்கிய ஒக்ஸ்போர்ட் ஆய்வு, 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 2019இல் ஒரு முடிவை வெளியிட்டது. இறைச்சி உண்போரைவிட மரக்கறி உண்போருக்கு இதய இரத்தக் குழாய் நோய் 22 வீதம் குறைவாக இருந்தது. பக்கவாதமோ 20 வீதம் கூடுதலாக இருந்தது. ஆயிரம் பேரைப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், இதயநோயாளர் பத்துப் பேர் குறைவு, பக்கவாதம் வந்தவர் மூவர் கூடுதல். அதே ஆய்வின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, பாலும் முட்டையும்கூட உண்ணாதவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. ஆகவே மரக்கறி உணவு நல்லது என்று சொல்லும்போதே, கவனமாக உண்டால் நல்லது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எமது தட்டுக்கு வருவோம். தட்டு நிறையக் குத்தாத வெள்ளைச் சோறு, தேங்காய்ப்பாலில் மிதக்கும் கறி, இரண்டு வடை, பாயாசம். இதில் மச்சம் இல்லை. ஆனால் நீரிழிவை அழைத்து வருவதற்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. தெற்காசிய வம்சத்தவருக்கு நீரிழிவும் வயிற்றுப் பருமனும் மற்றவரைவிட அதிகம் என்பது பல நாடுகளில் நிறுவப்பட்ட உண்மை. கனடாவின் 2019ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி தட்டில் பாதியை மரக்கறிக்கும் பழத்துக்கும், கால்வாசியை முழுத் தானியத்துக்கும், கால்வாசியைப் புரதத்துக்கும் ஒதுக்கி, தாவரப் புரதத்தை அடிக்கடி தெரிவு செய்யச் சொல்கிறது. பயறு, கௌபி, கடலை, உழுந்து, குரக்கன், முருங்கையிலை என்று எமது சமையலறையில் அதற்கு வேண்டியவை எப்போதும் இருந்தன. மாற வேண்டியது அளவு.

ஒரு அம்மம்மாவின் கதை

எமது சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை அவர்களின் அனுமதியுடன் எழுதுகிறோம். வாழ்நாள் முழுவதும் மரக்கறி உண்ட அம்மம்மா, வயது போகப் பாலையும் குறைத்துக்கொண்டார். கால்கள் விறைத்தன, நடை தள்ளாடியது, பெயர்கள் மறந்தன. வயது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். கடைசியில் இரத்தப் பரிசோதனையில் விற்றமின் பி12 மிகக் குறைவு என்று தெரிந்தது. ஊசி போடத் தொடங்கிய பின் நினைவு தெளிந்தது. கால் விறைப்பு மட்டும் முழுதாக மாறவில்லை. "முதலே தெரிந்திருந்தால்" என்று மகள் எம்மிடம் சொல்லி அழுதார். இக்கட்டுரை எழுதுவதற்கு அந்தக் கண்ணீரும் ஒரு காரணம்.

பி12 விற்றமினை நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. தாவர உணவிலிருந்து அதை நம்பிப் பெற முடியாது. புளித்த தோசை மாவையும் நம்பக் கூடாது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்கிரோகிராம் வேண்டும். ஒரு கோப்பைப் பசுப்பாலில் ஏறத்தாழ அதில் பாதி உண்டு. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரிய ஆண்டுகள் செல்லும். வயது போனவர்களின் வயிறு அதைக் குறைவாகவே பிரித்தெடுக்கும். நீரிழிவுக்கு நெடுங்காலம் மெற்போமின் மாத்திரை எடுப்போருக்கும் பி12 குறையலாம். மரக்கறி உண்ணும், மெற்போமின் எடுக்கும், எழுபது வயதுப் பெரியவர்கள் எமது ஆலயத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், பி12 பரிசோதனை செய்யும்படி குடும்ப வைத்தியரைக் கேட்க வேண்டும்.

பால் உணவையும் விட்ட இளையோருக்கு பி12 மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ கட்டாயம். கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இதில் ஒருபோதும் தவறக் கூடாது. தாயிடம் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

மேலும் மூன்று விடயங்கள். இரும்புச்சத்து: கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுக்காது; தேசிக்காய்ப் புளி சேர்த்தால் கூடுதலாக எடுக்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். விற்றமின் டி: கருநிறத் தோலுள்ள எமக்கு இக்குளிர்நாட்டின் மாரிகால வெயில் போதாது. கனடாவில் பசுப்பாலில் அது சேர்க்கப்படுகிறது. சோயாப்பால் வாங்குவோர் பொதியில் பார்த்து வாங்க வேண்டும். கல்சியம்: எள்ளு, கல்சியம் சேர்த்த டோஃபு, கீரை வகைகள்.

உணவும் ஊரும் உலகமும்

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2013இல் வெளியிட்ட கணிப்பின்படி, மனிதர் வெளியிடும் வெப்பவாயுக்களில் 14.5 வீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது. அதில் மாடே பெரும்பங்கு.

வெட்டுவோரையும் நினைக்க வேண்டும். 2020இல் அல்பேர்ட்டாவின் ஹை ரிவர் நகரிலுள்ள இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் 900க்கு மேற்பட்ட தொழிலாளருக்குக் கொரோனா தொற்றியது. நெருங்கி நின்று, குளிரில், விரைந்து வெட்டும் வேலை அது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் எம்மைப் போல் பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள். மலிவான இறைச்சியின் விலையில் ஒரு பகுதியை அவர்கள் கொடுக்கிறார்கள்.

பால் பற்றி மூத்த மாணவி கேட்பதும் நியாயமான கேள்வி. பசு கன்று போட்டால்தான் பால் சுரக்கும். இன்றைய பண்ணைகளில் ஆண்கன்று பாலுக்கு உதவாததால் இறைச்சிக்குப் போகிறது. ஊரில் எமது முற்றத்தில் நின்ற இலட்சுமியின் பாலையும் இதையும் ஒன்றாகப் பேச முடியாது. அபிஷேகத்துக்குப் பால் வேண்டும் என்போரும் எம்மிடையே உண்டு. அதற்காக அந்தப் பிள்ளையை வீட்டில் பரிகசிக்காதீர்கள். எமது முன்னோரின் கொல்லாமையை அது இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகப் பார்க்கிறது. அம்மா செய்ய வேண்டியது பி12 மாத்திரை வாங்கிக் கொடுப்பது. மகள் செய்ய வேண்டியது அதைத் தவறாமல் எடுப்பதும், அப்பா தயிர் சாப்பிடும்போது முகம் சுளிக்காமல் இருப்பதும்.

வீட்டில் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. எமது வீட்டில் கிழமைக்கு எத்தனை நாள் மரக்கறி? இன்னும் ஒரு நாள் கூட்ட முடியுமா?
2. நேற்று இரவு தட்டில் சோறு எத்தனை பங்கு, மரக்கறி எத்தனை பங்கு?
3. அப்பம்மா, அம்மம்மா, தாத்தாமாருக்கு பி12 பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது?
4. மச்சம் உண்ணும் நண்பருடன் ஒரே மேசையில் மரியாதையாக இருந்து உண்ண எமக்குத் தெரியுமா?

பெற்றோர் முதலில் மறுமொழி சொல்லாமல், பிள்ளைகளைப் பேச விட்டுக் கேளுங்கள். உயிர்களிடத்து அன்பும் உடலைப் பேணும் அறிவும் எமது பிள்ளைகளுக்கு ஒருங்கே வாய்க்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.