பள்ளியின் பெயரும் டாக்டர் சீட்டும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணி வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகிறது. அந்த ஆஸ்பத்திரிகளில் தங்கள் பிள்ளையும் ஒருநாள் டாக்டராக நிற்க வேண்டும் என்ற ஆசை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல வீடுகளில் உண்டு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் அந்த ஆசையோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது: பேர் பெற்ற பள்ளியில் சேர்த்தால்தான் சீட்டு.

தமிழ்நாட்டு மருத்துவத் தரவரிசைப் பட்டியலில் பள்ளியின் பெயருக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. நீட்டில் 720-க்கு எத்தனை என்பதுதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. இருவர் சமமாக எடுத்தால் முதலில் உயிரியல் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். படித்த பள்ளியைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் நேர்காணலும் பரிந்துரைக் கடிதமும் உண்டு என்பதால், படித்த கல்லூரியின் பெயர் எடுபடுமா என்று அங்கே விவாதிக்கலாம். இங்கே அதற்கு இடமே இல்லை.

இந்த நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததும் அல்ல. நுழைவுத் தேர்வை ஒழித்து, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சீட்டுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த நாமக்கல் பாணிப் பள்ளிகள் அப்போது கட்-ஆப்பை அள்ளின. 2017-இல் நீட் வந்ததோடு அந்தக் கணக்கு முடிந்தது. அதே 2017-இல் விருதுநகர் மாவட்டம் 97.85 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் பிளஸ் டூவில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் மருத்துவச் சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண், விண்ணப்பிக்கும் தகுதிக்கு மட்டுமே என்று அதற்குள் ஆகியிருந்தது.

பள்ளி ஓரிடத்தில் மட்டும் நேரடியாகக் குறுக்கிடுகிறது. அங்கேயும் கேள்வி அதன் புகழைப் பற்றியதல்ல, அது அரசுப் பள்ளியா என்பதுதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடாக நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது 10 விழுக்காடு. 2020-இல் சட்டமானது 7.5. அதற்கு முந்தைய ஆண்டு ஒற்றை இலக்கத்தில் இருந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, முதல் ஆண்டிலேயே 300-க்கும் அதிகமான எம்.பி.பி.எஸ். இடங்கள் கிடைத்தன. அவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இந்த ஒதுக்கீட்டின் நிபந்தனையைத்தான் பலர் சரியாகப் படிப்பதில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே, பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணைக் கடன் வாங்கிப் பெரிய தனியார் பள்ளிக்கு மாற்றும் அப்பா, மகளுக்கு இருந்த அந்த உரிமையைத் தன் கையாலேயே பறித்துவிடுகிறார். இதைவிட வேதனையான தவறு வேறில்லை. பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் ஒதுக்கீடு கிடைத்துவிடும் என்பதும் நடக்காது.

அரசு உதவி பெறும் பள்ளிகளும் இதில் சேராது. சம்பளம் அரசு தருவதால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த மாணவர்களையும் சேர்க்கக் கோரிய வழக்குகளை 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

அப்படியானால் எது உதவுகிறது? 2020-21-இல் சேர்ந்தவர்களில் பத்தில் ஏழு பேர் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ நீட் எழுதியவர்கள் என்று நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழு சொன்னது. 2020 நீட்டில் 664 எடுத்த தேனி மாவட்டச் சில்வார்பட்டி அரசுப் பள்ளி மாணவரும் முதல் முறை தவறவிட்டு, ஒரு வருடம் பயிற்சி எடுத்தவர்தான். அந்த ஒரு வருடத்துக்கான பணமும் பொறுமையும் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. உண்மையான ஏற்றத்தாழ்வு அங்கேதான் இருக்கிறது.

2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 150 இடங்கள். அதில் ஒன்றை மனதில் வைத்து, அரசுப் பள்ளியில் பத்து முடித்த பிள்ளைக்கு டி.சி. வாங்கக் கிளம்பும் பெற்றோர், 7.5 ஒதுக்கீட்டின் நிபந்தனையைத் தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடலாம்.