வெறும் காத்துதானா?
(இளையராஜாவின் இரண்டாவது ஆல்பம் பற்றி ஒரு பாடம்)

போன இதழில் இசைப் பக்கத்துக்கு யாரும் எழுதித் தரவில்லை, கோலம் போட்டு நிரப்பினோம். அதனால் இந்த முறை நான் எழுதுகிறேன்.

இளையராஜாவின் சினிமாப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். சினிமாவுக்காக இல்லாமல், வாத்தியங்களை வைத்து மட்டும் அவர் போட்ட ஆல்பங்களும் உண்டு. முதலாவது 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்'. இதற்கு என்ன பேர் வைப்பது என்று அர்த்தம். இரண்டாவது 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்'. காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் மாமாவிடம் இரண்டு கேசட்டும் இருக்கின்றன. முதலாவதின் அட்டை தேய்ந்து கிழிந்து, ஓரத்தில் டேப் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது நேற்று வாங்கினது மாதிரி இருக்கிறது. ஏன் மாமா என்று கேட்டேன். "அது வெறும் காத்து. மொதல்ல வந்தது மாதிரி வராது" என்றார். மாமா மட்டும் இல்லை, நான் கேட்ட பெரியவர்கள் எல்லாரும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள். இது நியாயம் இல்லை என்று எனக்குப் படுகிறது.

முதலாவது பெரிய விஷயம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். தியாகராஜருக்கும் ஜெர்மனியில் வாழ்ந்த பாக் என்பவருக்கும் அதைக் காணிக்கையாக்கியிருக்கிறார். பாக் 1685-இல் பிறந்து 1750-இல் இறந்தவர். தியாகராஜர் நம் பக்கத்துத் திருவாரூரில் 1767-இல் பிறந்தவர். ஒருவர் போய்ப் பதினேழு வருஷம் கழித்து இன்னொருவர் வருகிறார், எங்கே சந்திப்பது? ராஜா சார் சந்திக்க வைத்தார். ஒரு இசைக்கு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்றே பேர். வி.எஸ்.நரசிம்மன் வயலின் வாசித்திருக்கிறார். ஃபியூக் என்று ஒரு முறையும் அதில் வரும். ஒருத்தர் ஒரு மெட்டைத் தொடங்குவார். அது நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொருத்தர் அதே மெட்டை வேறு சுரத்திலிருந்து பிடிப்பார், பிறகு மூன்றாமவர். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியும் கூச்சலாகாது. (டீச்சர் வராத பீரியடில் நம் வகுப்பில் நடப்பது ஃபியூக் இல்லை.) பாலு மகேந்திராவின் 'வீடு' படத்துக்கும் இந்த ஆல்பத்து இசைதான் பின்னணி.

இப்போது இரண்டாவது. இதில் வயலினுக்குப் பதில் புல்லாங்குழல் முன்னால் நிற்கிறது. வாசித்தவர் ஹரிபிரசாத் சௌராசியா. அலகாபாத்காரர், அப்பா மல்யுத்த வீரர். பின்னால் சுமார் ஐம்பது பேர் கொண்ட இசைக்குழு.

அறிவியலில் ஒலிப் பாடம் படித்தோமே, அதை இங்கே கொஞ்சம் கொண்டு வருகிறேன். வயலினில் அதிர்வது தந்தி. வில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும்போது காதுக்குத் தெரியாமலே திருப்பிவிடலாம். நிற்காமல் ஓட முடியும். குழலில் அதிர்வது உள்ளே இருக்கிற காற்று. ஊதுகிற காற்று துளையின் விளிம்பில் மோதி, உள்ளே இருக்கும் காற்றையும் அதிர வைக்கிறது. குழல் நீளமானால் சுருதி இறங்கும். நம் கர்நாடகக் குழலில் விரலுக்கு எட்டுத் துளை, குட்டை. வடக்கத்திப் பான்சுரி நீளம், ஆறு துளை, அதனால் குரல் ஆழமாக இருக்கும். எந்தக் குழலாக இருந்தாலும் வாசிக்கிறவர் மூச்சு வாங்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு பெரிய வித்வானுக்கும் விதிவிலக்கு கிடையாது.

முதலாவதைக் கேட்டு வயலின் ஓட்டத்தைப் பழகின காது இரண்டாவதிலும் அதையே தேடுகிறது. மூச்சு அப்படி ஓடாது. ஒரு வாக்கியம் சொல்லும், நிற்கும், இழுத்துக்கொள்ளும், திரும்பச் சொல்லும். அந்த நிற்கிற இடத்தை "ஒண்ணுமே இல்லை" என்று நினைத்துவிடுகிறோம். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். ஒரு இசைக்கு 'கம்போசர்ஸ் பிரெத்', இசையமைப்பாளரின் மூச்சு, என்று அவரே பேர் வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

முதல் ஆல்பத்தில் பத்து இசை, இதில் ஐந்துதான். ஒரு எண்ணத்தை அவசரப்படாமல் வளர விடுகிறார். 2005-இல் திருவாசகம் செய்தார், 2025 மார்ச் 8-இல் லண்டனில் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அப்படிப் பெரிசாகக் கட்டுவதற்கு இங்கேயே கைப்பழக்கம் தொடங்கியது என்பது என் எண்ணம். ஐந்துமே அருமை என்று சொல்ல மாட்டேன். 'மொசார்ட் ஐ லவ் யூ'வில் அவர் விருந்தாளி வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது, மரியாதை அதிகம். 'சிங்கிங் ஸ்வான்' கேளுங்கள், தலைப்பு இசையைக் கேளுங்கள்.

இன்னொன்று. "வெறும் காத்து" என்ற பேச்சை வேறு ஊர்க்காரர்கள் சொல்லலாம், காரைக்காலில் இருந்துகொண்டு நாம் சொல்லலாமா? கடலுக்குப் போகிறவர்கள் கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று திசைக்கு ஒரு பேர் சொல்லுவார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நான் ரொம்பச் சின்னப் பிள்ளை. எங்கள் வீட்டு ஓடு பறந்த சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒரு தடவை காத்து நின்றது. அம்மா, "முடிஞ்சிட்டுன்னு நெனக்காத, மூச்சு வாங்குது" என்றார்கள். தலைப்பு இசையில் வயலின் கூட்டம் அடங்கி, குழல் தனியாக நிற்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

ஒரு வேடிக்கை. முதல் ஆல்பத்திலேயே ஒரு இசைக்குப் பேர் 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதே. அப்படியிருந்தும் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். நான் வீட்டில் இரண்டாவது பெண், அக்கா நன்றாகப் படிப்பவள். அதனால்கூட எனக்கு இவ்வளவு ரோஷம் வந்திருக்கலாம்.

மாமாவின் டேப் ரிக்கார்டர் ரிப்பேர். போன ஞாயிறு அம்மாவின் போனில் தலைப்பு இசையை வைத்து, "குழல் எங்க மூச்சு வாங்குதுன்னு மட்டும் கவனிச்சிக் கேளுங்க மாமா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"இன்னொரு தடவ வையி" என்றார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி